முன்கயிறும் பின்கயிறும்: நட்பு நாடு போரிடும்போது வல்லரசு என்ன செய்கிறது?

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு உயர்தர அரசியல் விஞ்ஞான வகுப்பு. தகரக் கூரை, இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றும். திருகோணமலை வெயில் மேசைவரை இறங்கிவந்து மாணவர்களின் கண்ணிமையில் உட்கார்ந்திருந்தது. மத்திய கிழக்குப் போர்கள் பற்றிய பாடம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“சேர், ஒரு கையால் விமானமும் குண்டும் கொடுக்கிறார்கள். மறு கையால் போரை நிறுத்துங்கள் என்று கடிதம் எழுதுகிறார்கள். இரண்டில் எது நடிப்பு?”

“இரண்டும் நடிப்பு இல்லை” என்றேன். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்தார்கள். அதை விளங்கப்படுத்தி முடிக்க அன்றைய வகுப்பு போதவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனது. அந்த இரண்டு வகுப்புகளில் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். படிப்பவருக்கு முன்னறிவு எதுவும் தேவையில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கப்பலைக் காட்டினால் எதையும் விளங்கப்படுத்தலாம். கோதுமை ஏற்றிக்கொண்டு சீனன்குடா மா ஆலைக்குப் பெரிய கப்பல்கள் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். அப்படியொரு கப்பலை இறங்குதுறையில் அணைக்கும்போது ஒரு இழுவைப் படகு முன்னால் கயிறு கட்டி இழுக்கும். இன்னொன்று பின்னால் கயிறு போட்டு, எதிர்த்திசையில் இழுத்துப் பிடிக்கும். முதல் தடவை பார்ப்பவருக்கு இரண்டு படகோட்டிகளுக்கும் ஏதோ கோபதாபம் என்று தோன்றும். உண்மையில் இருவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். அவ்வளவு பாரமான கப்பலுக்கு நினைத்த இடத்தில் நிற்கத் தெரியாது. பின்கயிறு இல்லாவிட்டால் அது துறையை இடித்துக்கொண்டு ஏறிவிடும்.

நட்பு நாடு ஒன்று போரில் இறங்கும்போது அதன் பின்னால் நிற்கும் வல்லரசு இந்த இரண்டு கயிறுகளையும் பிடித்திருக்கிறது. முன்கயிறு எல்லோர் கண்ணிலும் படும்: ஆயுதம், கடன், ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் வீட்டோ, அதாவது ஒரு தீர்மானத்தைத் தனியாளாகத் தடுக்கும் அதிகாரம். பின்கயிறு தண்ணீருக்குள் தொய்ந்து கிடப்பதால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. “இந்த ஊருக்குள் நுழையாதே”, “நாளை மறுநாளுக்குள் முடித்துக்கொள்”, “அந்தப் பாதையைத் திற, இல்லாவிட்டால் அடுத்த தொகுதி தாமதமாகும்” என்ற பேச்செல்லாம் அந்தக் கயிற்றின் வழியாகத்தான் போகும். இதைத்தான் திரைமறைவு இராஜதந்திரம் என்கிறோம்.

ஏன் மறைவில்? வேலிச் சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் இரண்டு வீட்டாரும் வேலியின் இரு புறமும் நின்று ஊர் கேட்கக் கத்துவார்கள். இரவில் யாராவது ஒரு பெரியப்பாவின் விறாந்தையில் இரண்டு பிளேன்டீயுடன் விஷயம் முடியும். வேலியில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்தால் மானம் போய்விடும்; விறாந்தையில் ஒரு அடி விட்டுக்கொடுக்கலாம், பார்ப்பதற்கு யாரும் இல்லை. நாடுகளுக்கும் இதே மனம்தான். நட்பு நாட்டை வல்லரசு பகிரங்கமாகக் கண்டித்தால் எதிரிக்குத் தைரியம் வரும்; நண்பனின் தலைவர் தன் நாட்டு மக்கள் முன் சிறுத்துப்போவார்; அதன்பின் அவர் இறங்கிவர நினைத்தாலும் இறங்க முடியாது. இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விறாந்தையில் பேசியதற்கு எவரும் பொறுப்புச் சொல்ல வேண்டியதில்லை.

விறாந்தையில் அதிகம் பேசப்படுவது என்ன என்று கேட்டால், சமாதானம் என்று பாடப்புத்தகம் சொல்லும். நான் நேரம் என்பேன். போர் எப்போது நிற்க வேண்டும், யார் எந்த இடத்தில் நிற்கும்போது நிற்க வேண்டும் என்பதே பேரம். இதை வைத்துக்கொண்டு 1973க்குப் போவோம்.

ஒக்டோபர் 1973

ஒக்டோபர் 6, சனிக்கிழமை. யூதர்களுக்கு யோம் கிப்பூர் விரத நாள். முஸ்லிம்களுக்கு ரமழான் மாதம். பிற்பகலில் எகிப்து சுயெஸ் கால்வாயைக் கடந்தும், சிரியா கோலான் மேட்டிலும் இஸ்ரேல் நிலைகளைத் தாக்கின. 1967இல் இழந்த மண்ணை மீட்பதே நோக்கம். இஸ்ரேலின் பின்னால் அமெரிக்கா. எகிப்துக்கும் சிரியாவுக்கும் பின்னால் சோவியத் யூனியன். அமெரிக்காவில் ஜனாதிபதி நிக்சன் வோட்டர்கேட் ஊழலில் மூழ்கிக்கொண்டிருந்தார். காரியம் பார்த்தவர் ஹென்றி கிசிஞ்சர். இராஜாங்கச் செயலாளராகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியும் அவரிடமே இருந்தது.

போர் தொடங்கிய மறுநாளே, சண்டை முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தபோது, எகிப்து ஜனாதிபதி சதாத்தின் பாதுகாப்பு ஆலோசகர் ஹாபிஸ் இஸ்மாயிலிடமிருந்து கிசிஞ்சருக்கு ஒரு செய்தி வந்தது. உளவுத்துறை வழியாகச் செல்லும் இரகசியத் தடத்தில் வந்த செய்தி அது. மோதலை மேலும் ஆழமாக்கவோ விரிவாக்கவோ எகிப்துக்கு எண்ணமில்லை என்பது அதன் சாரம். எதிரியின் முதுகில் நிற்கும் வல்லரசுக்குப் போரின் இரண்டாம் நாளே ஒரு நாடு தன் எல்லையைச் சொல்லிவிடுகிறது! வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன், “அப்படியென்றால் சீட்டை எதிரிக்கே காட்டிவிட்டார் அல்லவா?” என்று கேட்டான். காட்டத்தான் செய்தார். போர்க்களத்தில் இஸ்ரேலை முழுதாக வெல்ல முடியும் என்று சதாத் எண்ணவில்லை. அமெரிக்காவை மேசைக்கு இழுத்துவருவதே அவருடைய கணக்கு. அந்தச் செய்தி மேசைக்கான அழைப்பு.

ஒக்டோபர் 9 காலை இஸ்ரேலியத் தூதுவர் டினிட்ஸ் கிசிஞ்சரிடம் வந்து இழப்புக் கணக்கைச் சொன்னார்: சுமார் 500 தாங்கிகள், 49 விமானங்கள். மூன்று நாளில் அவ்வளவு. ஈடுசெய்வதாக வாக்குறுதி கிடைத்தது. ஆனால் ஆயுதங்களை ஏற்றிச்செல்வது யார் என்ற கேள்வியில் நாட்கள் கழிந்தன. தனியார் விமானங்களை வாடகைக்குப் பிடிக்கப் பார்த்தார்கள், எவரும் முன்வரவில்லை. தாமதத்துக்குப் பாதுகாப்புத் திணைக்களமே காரணம் என்று கிசிஞ்சர் தரப்பும், கிசிஞ்சரே காரணம் என்று மறுதரப்பும் பின்னாளில் சொல்லிக்கொண்டன. வேண்டுமென்றே தாமதித்தார்களா என்பது இன்றும் வரலாற்றாசிரியர்களின் சண்டை. இதற்கிடையில் சோவியத் விமானங்கள் எகிப்துக்கும் சிரியாவுக்கும் ஆயுதம் இறக்கத் தொடங்கிவிட்டன. நிக்சன் இராணுவ விமானங்களையே அனுப்பச் சொன்ன பிறகு, 14ஆம் திகதி முதல் இராட்சத சரக்கு விமானங்கள் இஸ்ரேலில் இறங்கின. ஐரோப்பிய நண்பர்கள் பெரும்பாலும் தங்கள் தளங்களைத் தர மறுத்தார்கள். போர்த்துக்கலின் அசோர்ஸ் தீவுகளில் உள்ள லாஜெஸ் தளத்தில் தரித்துத்தான் அவை போய்வந்தன. மொத்தம் 22,000 தொன்னுக்கு மேல்.

இது முன்கயிறு. அதன் விலை உடனே வந்தது. அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. 20ஆம் திகதி சவூதி அரேபியா அமெரிக்காவுக்கான ஏற்றுமதியை நிறுத்தியது. பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டொலரிலிருந்து 1974 ஜனவரியில் 11.65 டொலருக்கு ஏறியது. அந்தக் காலத்துப் பாண் வரிசையைப் பற்றி என் பெரியம்மா இன்றும் சொல்வார். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு கல்லை வைத்து இடம்பிடித்தார்களாம். அந்தத் தட்டுப்பாட்டுக்கு உள்நாட்டுக் காரணங்களும் நிறைய இருந்தன. ஆனாலும் சினாயில் சுட்ட துவக்கின் சத்தம் திருமலைப் பேக்கரி வாசல்வரை கேட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனிப் பின்கயிறு. ஒக்டோபர் 20 கிசிஞ்சர் மொஸ்கோவுக்குப் பறந்தார். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி விமானத்திலேயே நடந்தது. பேச்சுவார்த்தை நடத்தக் கிசிஞ்சருக்கு முழு அதிகாரம் உண்டு என்று நிக்சன் சோவியத் தலைவர் பிரஷ்நேவுக்கு அறிவித்துவிட்டார் என்ற செய்தி வழியில் வந்தது. யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். கிசிஞ்சருக்குக் கோபம் வந்தது. ஏன்? முழு அதிகாரம் இல்லாதவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: “வாஷிங்டனைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லி ஒரு நாளைக் கடத்தலாம். அந்த நேரத்தில் இஸ்ரேலியப் படை கால்வாயின் மேற்குக் கரையில் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தது. கடத்தும் ஒவ்வொரு மணி நேரமும் மேசையில் காசு. காணி வாங்கப் போகும்போது “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லத் தெரிந்த எவருக்கும் இந்தக் கோபம் விளங்கும்.

மொஸ்கோவில் வாசகம் முடிவானது. ஒக்டோபர் 22 பாதுகாப்புச் சபை 338ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதில் “உடனடியாக” என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். தீர்மானம் நிறைவேறி 12 மணி நேரத்துக்குள் சண்டை நிற்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மத்திய கிழக்கு நேரப்படி மாலை 6.52. அன்று பகலில் கிசிஞ்சர் திரும்பும் வழியில் டெல் அவிவில் இறங்கினார். தங்களைக் கேட்காமல் மொஸ்கோவில் முடிவெடுத்ததற்காக இஸ்ரேலியப் பிரதமர் கோல்டா மெயரும் அமைச்சர்களும் கொதித்துப்போயிருந்தார்கள். தான் பறந்துகொண்டிருக்கும் இரவில் ஏதாவது நடந்தால் வாஷிங்டனிலிருந்து பெரிய கண்டனம் வராது என்ற பொருளில் கிசிஞ்சர் அங்கே சொன்னது பிற்காலத்தில் வெளிவந்த அமெரிக்க ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது. ஒரே மனிதர், ஒரே நாள்: நியூயோர்க்கில் அவருடைய நாடு கை தூக்கியது போர்நிறுத்தத்துக்கு, டெல் அவிவில் அவர் கண் சிமிட்டியது இன்னும் சில மணி நேரத்துக்கு.

அந்தச் சில மணி நேரம் வளர்ந்தது. போர்நிறுத்தம் குலைந்து, இஸ்ரேலியப் படை சுயெஸ் நகரைச் சுற்றிவளைத்து, எகிப்தின் மூன்றாம் படையைக் கால்வாயின் கிழக்குக் கரையில் தனித்துவிடச் செய்தது. பல்லாயிரம் வீரர்கள், தண்ணீர் வரும் வழி அடைபட்ட நிலையில், பாலைவனத்தில். 24ஆம் திகதி பிரஷ்நேவ் கடிதம் எழுதினார்: இரு நாடுகளும் சேர்ந்து படை அனுப்புவோம், இல்லையேல் தனியாகச் செயற்படுவதைப் பற்றி யோசிக்க நேரும். அன்றிரவு அமெரிக்கப் படைகள் உலகெங்கும் உஷார் நிலைக்கு உயர்த்தப்பட்டன. அணுவாயுதப் படைகளும் அதில் அடக்கம். முடிவெடுத்த கூட்டத்தில் நிக்சன் இல்லை.

கிசிஞ்சர் இங்கே கயிற்றை மாற்றிப் பிடித்தார். மூன்றாம் படை அழிந்தால் சதாத் விழுவார், மேசையும் போய்விடும், சோவியத் படை வந்தாலும் வரலாம். ஆகவே, ஆயுதம் இறக்கிக்கொண்டிருந்த அதே நண்பனை, முற்றுகையிட்ட எதிரிக்குத் தண்ணீரும் மருந்தும் விடும்படி அமெரிக்கா நெருக்கியது. நண்பன் பல்லைக் கடித்துக்கொண்டு இணங்கினான். கெய்ரோவிலிருந்து 101ஆவது கிலோமீற்றரில், சுயெஸ் வீதியோரத்தில், ஒக்டோபர் 28 அதிகாலை எகிப்தின் ஜெனரல் கமாசியும் இஸ்ரேலின் ஜெனரல் யாரிவும் நேரில் சந்தித்தார்கள். ஐக்கிய நாடுகள் கண்காணிப்பில் முதல் லொறிகள் உள்ளே போயின.

என் மாணவியின் கேள்விக்கு அந்த வீதியோரம்தான் பதில். குண்டும் நிஜம், தண்ணீர் லொறியும் நிஜம். இரண்டையும் அனுப்பவைத்தது ஒரே கை. குண்டு இல்லாமல் தண்ணீர் லொறியை விடச்சொல்லும் செல்வாக்கு அமெரிக்காவுக்கு வந்திருக்காது. எனக்கு இதைச் சொல்லக் கசக்கத்தான் செய்கிறது, ஆனாலும் அது அப்படித்தான் வேலை செய்தது.

பிறகு கிசிஞ்சர் தலைநகரம் தலைநகரமாகப் பறந்தார். 1974 ஜனவரி 18 எகிப்துடனும், மே 31 சிரியாவுடனும் படைவிலகல் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. நெசவுத் தறியில் நாடா ஓடுவதுபோல இங்கும் அங்கும் ஓடிய இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் “ஷட்டில்” இராஜதந்திரம் என்று பெயர். தறி நாடாவுக்கும் விண்கலத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல் என்பதால், விண்கல இராஜதந்திரம் என்று யாரோ ஒருவர் மொழிபெயர்த்துவைத்ததை ஒரு பழைய குறிப்புப் புத்தகத்தில் பார்த்தேன். விண்கலத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஓடிப்போய் ஓடிவரும் தூது என்று வைத்துக்கொண்டால் போதும்.

நண்பனையே கட்டிப்போட்ட கதை

1956இல் நிலைமை தலைகீழ். எகிப்தின் நாசர் சுயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும் பிரித்தானியா, பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் பாரிசுக்கு அருகே செவ்ர் என்ற இடத்தில் ஒக்டோபரில் இரகசியமாகக் கூடித் திட்டம் தீட்டின: இஸ்ரேல் தாக்கும், சண்டையை விலக்குவதாகச் சொல்லிக்கொண்டு மற்ற இருவரும் நுழைவார்கள். அமெரிக்காவுக்குச் சொல்லவில்லை. ஜனாதிபதி ஐசன்ஹவருக்கு வந்த கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் ஒரு கப்பலையும் சுடவில்லை. பிரித்தானியப் பவுணின் மதிப்பு சரிந்துகொண்டிருந்தது. பிரித்தானியாவுக்கு சர்வதேச நாணய நிதியத்தின் பணம் அவசரமாக வேண்டியிருந்தது. படையை வெளியேற்றச் சம்மதிக்கும்வரை அந்தப் பணத்துக்கு அமெரிக்கா வழிவிடவில்லை, எண்ணெயும் அப்படியே. நவம்பர் 5 பரசூட் படை இறங்கியது; நவம்பர் 6 போர்நிறுத்தம். டிசம்பர் 22க்குள் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் வெளியேறிவிட்டன. ஜனவரியில் பிரதமர் ஈடனும் வெளியேறினார்.

அந்த நாட்களில் எங்கள் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படைதான் இருந்தது. இலங்கை 1948இலேயே சுதந்திரம் பெற்றிருந்தாலும் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி தளம் அவர்களிடமே இருந்தது. சுயெஸ் கிழக்குக்கு வரும் வாசல் என்றால், திருமலை அந்த வாசலைத் தாண்டியுள்ள அறை. 1957 ஒக்டோபர் 15 பண்டாரநாயக்க அரசாங்கத்திடம் தளம் கையளிக்கப்பட்டது. பண்டாரநாயக்க அதை சுயெஸுக்கு முன்பே கேட்டிருந்தார். ஆகவே ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசலை இழந்த வீட்டுக்காரர் அறையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு காலம் நிற்பார்?

வல்லரசு நினைத்தால் எப்போதும் நடக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். 1982இல் பிரித்தானியாவின் வசமிருந்த போக்லண்ட் தீவுகளை ஆர்ஜென்டினா பிடித்ததால் மூண்ட போரில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஹெய்க் லண்டனுக்கும் புவனஸ் அயர்சுக்கும் ஓடி ஓடித் தோற்றார். ஏப்ரல் 30 அமெரிக்கா வெளிப்படையாகப் பிரித்தானியா பக்கம் சாய்ந்தது. ஏவுகணைகள் கொடுத்தது, அசென்சன் தீவுத் தளத்தில் எரிபொருள் கொடுத்தது. மே இறுதியில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் பிரித்தானியப் பிரதமர் தட்சரைத் தொலைபேசியில் அழைத்து, ஆர்ஜென்டினாவை முழுதாக அவமானப்படுத்தாமல் இதோடு பேசித் தீர்க்கலாமே என்றார். அவரைப் பேசவே விடாமல் மறுத்துவிட்டார் தட்சர். ஜூன் 14 ஸ்டான்லி வீழ்ந்தது. வெற்றி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும் நண்பனிடம் பின்கயிறு அறுந்துவிடும்.

வங்காள விரிகுடாவில்

எங்கள் கரையிலிருந்து கிழக்கே பார்த்தால் தெரியும் கடலில் 1971 டிசம்பரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிழக்குப் பாகிஸ்தான் பங்களாதேஷாகப் பிரிந்த இந்திய பாகிஸ்தான் போர் அது. இந்தியாவின் பின்னால் சோவியத் யூனியன். பாகிஸ்தானின் பின்னால் அமெரிக்கா. போர்நிறுத்தம் கோரிய தீர்மானங்களைப் பாதுகாப்புச் சபையில் சோவியத் யூனியன் மூன்று முறை வீட்டோ செய்தது. ஒவ்வொரு வீட்டோவும் டாக்காவை நோக்கி நடந்துகொண்டிருந்த இந்தியப் படைக்குச் சில நாட்கள். வெளியே தெரிந்தது இது. உள்ளே, சோவியத் பிரதி வெளிவிவகார அமைச்சர் குஸ்நெத்சோவ் டெல்லியில் வந்து உட்கார்ந்திருந்தார். மேற்குப் பாகிஸ்தானைப் பிடிக்கும் எண்ணம் இந்தியாவுக்கு இல்லை என்ற உறுதி மொஸ்கோவுக்குத் தேவைப்பட்டது. கிழக்கே நேரம் தருகிறோம், மேற்கே கால் வைக்காதே. அமெரிக்கா எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை விரிகுடாவுக்கு அனுப்பியது. டிசம்பர் 16 டாக்கா சரணடைந்தது. நியூயோர்க்கின் கடிகாரமும் டாக்காவின் கடிகாரமும் ஒன்றையொன்று பார்த்து ஓடிய போர் அது.

சீனன்குடாவும் கடிதமும்

இனி வீட்டுக்கு வருவோம். எண்பதுகளில் டெல்லி செய்தது பாடப்புத்தக உதாரணங்கள் எதிலும் அடங்காது. ஆயுதமும் பயிற்சியும் இயக்கங்களுக்கு, பேச்சுவார்த்தை கொழும்புடன். முன்கயிறு ஒரு கப்பலில், பின்கயிறு மற்றதில்.

1987 ஜூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தம் கொழும்பில் கையெழுத்தானது. வடக்கு கிழக்கு இணைப்பு, மாகாண சபை என்று எல்லோரும் பேசுவது அதன் விதிகளைத்தான். மாணவர்களை நான் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் அதே நாளில் பரிமாறிக்கொண்ட கடிதங்களையும் வாசிக்கச் சொல்வேன். இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகங்களையோ எந்த நாட்டுக்கும் இராணுவத் தேவைக்குக் கொடுப்பதில்லை என்பது அங்கேதான் இருக்கிறது. திருமலை எண்ணெய்க் குதங்களைத் திருத்தி இரு நாடுகளும் கூட்டாக நடத்துவது என்பதும் அங்கேதான். உள்நாட்டுப் போரை முடிக்க எழுதிய தாள்களுக்கு நடுவே எண்ணெய்க் குதம் எப்படி வந்தது என்று கேட்டால் விறாந்தைப் பேச்சு கொஞ்சம் காதில் விழும். விதிகள் ஊருக்கு, கடிதம் விலை.

அந்தக் குதங்களை எங்கள் பிள்ளைகளுக்கு விவரிக்கத் தேவையில்லை. சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிவிட்டுப்போனவை, இன்று 99. காட்டுக் கொடி ஏறி, துருப்பிடித்து, சுவரில் மரம் முளைத்து நிற்பவையே அதிகம். 2003இல் ஒரு பகுதி இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2022 ஜனவரியில்தான் முழுக் கணக்கும் எழுதப்பட்டது: 14 அந்த நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு. கடிதத்திலிருந்து கணக்குவரை ஏறத்தாழ 35 ஆண்டுகள்.

2009ஐப் பற்றி வகுப்பில் சுருக்கமாகத்தான் சொல்வேன். சில பிள்ளைகளின் வீட்டில் அது இன்னும் பாடமாகவில்லை. இறுதிப் போரின்போது டெல்லியும் கொழும்பும் வழக்கமான தூதரகப் பாதையை விட்டுத் தலா மூவர் கொண்ட குழுக்கள் மூலம் நேரே பேசிக்கொண்டன. இந்தியப் பக்கம் நாராயணன், சிவசங்கர் மேனன், விஜய் சிங். இலங்கைப் பக்கம் பசில் ராஜபக்ஷ, கோட்டாபய ராஜபக்ஷ, லலித் வீரதுங்க. 2009 ஏப்ரல் 27 சென்னை மெரினாவில் கருணாநிதி உண்ணாவிரதம் தொடங்கினார்; அன்றே கனரக ஆயுதங்களையும் விமானத் தாக்குதலையும் நிறுத்துவதாகக் கொழும்பு அறிவித்தது; உண்ணாவிரதம் முடிந்தது. மே 13 இந்தியப் பொதுத்தேர்தலுக்குத் தமிழ்நாட்டில் வாக்களிப்பு. மே 18 போர் முடிந்தது. ஏப்ரல் அறிவிப்புக்குப் பிறகும் ஷெல் வீச்சு தொடர்ந்ததற்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாக ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. திகதிகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் சுண்ணக்கட்டியை வைத்துவிடுவேன். முடிச்சு நான் போடுவதில்லை.

செய்தியில் எதைப் பார்ப்பது?

புதிதாகச் செய்தி வாசிப்பவர்கள் அறிக்கையின் வினைச்சொல்லைப் பார்க்கிறார்கள்: கண்டித்தது, வலியுறுத்தியது, கவலை தெரிவித்தது. அவற்றை விட்டுவிட்டு நேரச் சொற்களைப் பாருங்கள். “உடனடி” என்றா, “நிலைத்த” என்றா, “விரைவில்” என்றா? உடனடிப் போர்நிறுத்தத்தை எதிர்த்து, நிலைத்த போர்நிறுத்தத்தை ஆதரிப்பதாக ஒரு வல்லரசு சொன்னால், அது நண்பனுக்கு நாள் வாங்கிக்கொடுக்கிறது என்று வாசிக்கலாம். ஆயுதத் தொகுதி ஒன்று “நடைமுறைக் காரணங்களால்” பிந்துகிறதா? பின்கயிறு இறுகுகிறது. வெளிவிவகார அமைச்சர் போக வேண்டிய இடத்துக்கு உளவுத்துறைத் தலைவர் போயிருக்கிறாரா? விறாந்தையில் பாய் விரித்தாயிற்று. “ஒளிவுமறைவற்ற பேச்சு” நடந்ததாக அறிக்கை சொன்னால் உள்ளே சண்டை என்று பொருள். இது இராஜதந்திரிகளின் பழைய குழூஉக்குறி. இவை எல்லாம் ஊகத்துக்கு உதவும். நிரூபணம் பிற்பாடுதான் வரும், ஆவணம் திறக்கும்போது.

அதற்கும் ஒரு கதை சொன்னேன். 1973 ஒக்டோபர் 11 இரவு பிரித்தானியப் பிரதமர் ஹீத், போரைப் பற்றி நிக்சனுடன் தொலைபேசியில் பேசக் கேட்டார். காலையில் பேசலாம் என்று சொல்லித் தள்ளிப்போடும்படி கிசிஞ்சர் தன் உதவியாளரிடம் கூறினார். ஜனாதிபதி அப்போது குடித்திருந்தார் என்பதே காரணம். கிசிஞ்சரின் தொலைபேசி உரையாடல்கள் 2004இல் வெளியிடப்பட்டபோது உலகம் இதை அறிந்தது. 31 ஆண்டுகள் கழித்து.

வகுப்பு சிரித்தது. கேள்வி கேட்ட மாணவி சிரிக்கவில்லை.

“இந்தியாவில் எத்தனை ஆண்டு, சேர்?”

பொது ஆவணங்களை 25 ஆண்டு கழிந்தபின் தேசிய ஆவணக் காப்பகத்திடம் கொடுப்பது விதி; இரகசிய முத்திரை விழுந்தவை தங்கிவிடுவதும் உண்டு என்றேன். அவள் கொப்பியின் ஓரத்தில் 2009ஐ எழுதி, அதன் கீழே 25ஐ எழுதி, கோடு போட்டுக் கூட்டினாள்.